களிமண் ஏட்டில் கண்ட கிரகணம்
(ஜார்ஜ் ஸ்மித் வாழ்க்கை வரலாறு)

தோற்றுவாய்

வரலாறு பயிலும் மாணவர்களாகிய நமக்குப் பெருந்தொல்லை தருவது எது என்று கேட்டால், ஆண்டுகள் என்றே பெரும்பாலோர் விடை சொல்வர். கி.மு. 745-இல் மூன்றாம் திக்லத்-பிலேசர் அசீரிய அரியணை ஏறினான், கி.மு. 722-இல் சமாரியா வீழ்ந்தது, கி.மு. 701-இல் செனகெரிப் யூதேயாவின்மீது படையெடுத்தான். தேர்வுக்கு முதல் நாள் இரவு இவற்றை உருப்போடுகிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்பதே இல்லை. அந்த மன்னர்கள் வாழ்ந்த காலத்தில் கி.மு. என்ற கணக்கே கிடையாதே! அப்படியிருக்க, 744 அன்று, 746 அன்று, 745 தான் என்று அடித்துச் சொல்ல எப்படி முடிந்தது?

ஒரு சூரிய கிரகணத்தால் முடிந்தது. ஒரு நாள் பகலில் கதிரவன் மறைந்ததை யாரோ ஓர் எழுத்தர் ஒரே வரியில் எழுதி வைத்தார். அந்த ஒரு வரி, ஏறத்தாழ 2600 ஆண்டுகள் கழித்து, ஒரு பேரரசின் மன்னர் வரிசை முழுவதற்கும் ஆண்டு குறித்துக் கொடுத்தது. அவ்வரியை உலகம் அறியச் செய்தவர்களுள் ஒருவர், கல்லூரி வாயிலையே மிதித்தறியாத ஓர் அச்சுத் தொழிலாளி. ஜார்ஜ் ஸ்மித் என்பது அவர் பெயர்.

இளமையும் தொழிலும்

ஜார்ஜ் ஸ்மித் 1840-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் இலண்டன் மாநகரின் செல்சி பகுதியில் பிறந்தார். உழைத்துப் பிழைக்கும் எளிய குடும்பம். பள்ளிப்படிப்பு மிகக் குறைவாகவே வாய்த்தது. 14 வயதில் பிராட்பரி அண்டு எவன்ஸ் என்ற அச்சகத்தில் தொழில் பழக விடப்பட்டார். பண நோட்டு அச்சிடுவதற்குரிய தகடுகளில் நுண்ணிய கோடுகளையும் எழுத்துகளையும் செதுக்குவது அவர் கற்ற தொழில். மயிரிழை பிசகினாலும் தகடு வீணாகிவிடும். கண்ணுக்கும் கைக்கும் கடும்பயிற்சி தரும் வேலை அது. அந்தப் பயிற்சி வேறொரு துறையில் தமக்குக் கைகொடுக்கப் போகிறது என்று அந்தச் சிறுவன் அன்று எண்ணியிருக்க மாட்டான்.

அக்காலத்தில் இங்கிலாந்து முழுவதும் அசீரியாவைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. இன்றைய ஈராக் நாட்டின் வடபகுதியில், மோசுல் நகருக்கு எதிரே உள்ள குயுஞ்சிக் மேட்டை லேயார்டு என்பவர் அகழ்ந்து, பழைய நினிவே நகரத்தின் அரண்மனையை வெளிக்கொணர்ந்தார். லேயார்டும் அவருக்குப்பின் ரஸ்ஸாமும் அங்கிருந்து அனுப்பிய களிமண் ஏடுகள் பல்லாயிரம். அசுர்பானிபால் என்னும் மன்னன் சேர்த்து வைத்த நூலகத்தின் எச்சங்கள் அவை. ஏடுகள் என்றால் நம் பனையோலைச் சுவடிகள் போன்றவை அல்ல. ஈரக் களிமண் பலகையில் நாணற்குச்சியின் முனையால் ஆப்பு ஆப்பாக அழுத்தி எழுதப்பட்டவை. பெரும்பாலானவை உடைந்து, சில்லுச் சில்லாகச் சிதறி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பெட்டிகளில் கிடந்தன.

அந்த எழுத்தின்மீது இளைஞர் ஸ்மித்துக்குத் தீராத மோகம் ஏற்பட்டது. அசீரியாவைப் பற்றிய நூல்களைத் தேடித் தேடிப் படித்தார். நண்பகல் உணவுக்காகக் கிடைக்கும் இடைவேளையில் அச்சகத்திலிருந்து அருங்காட்சியகத்திற்கு விரைவார். கண்ணாடிப் பேழைகளில் உள்ள ஏடுகளின் முன்னே நின்று, ஆப்பு வடிவ எழுத்துகளைத் தாமாகவே கற்பார். நேரம் முடிந்ததும் மீண்டும் செதுக்கு வேலைக்கு ஓடுவார். 1863-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. குடும்பப் பொறுப்பு வந்த பின்னரும் மாலை நேரங்கள் ஏடுகளுக்கே சென்றன.

ஆசான் கிடைத்தார்

நாள் தவறாமல் வந்துபோகும் இந்த இளைஞரை அருங்காட்சியகத்தின் கீழ்த்திசைப் பிரிவுத் தலைவர் சாமுவேல் பர்ச் கவனித்தார். ஹென்றி ராலின்சன் என்ற பேரறிஞரிடம் அவரைப் பற்றி எடுத்துச் சொன்னார்.

ராலின்சன் நம் நாட்டோடு தொடர்புடையவர். 17 வயதில், 1827-இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பணிக்காக இந்தியாவுக்கு வந்தவர். இங்கே பாரசீக மொழியைக் கற்றவர். பின்னர் பாரசீகத்துக்கு அனுப்பப்பட்டபோது, பெகிஸ்தூன் மலைப்பாறையில் தாரியஸ் மன்னன் மூன்று மொழிகளில் பொறித்த கல்வெட்டைப் பல ஆண்டுகள் முயன்று படியெடுத்தவர். ஆப்பு வடிவ எழுத்தின் பூட்டைத் திறந்த சிலருள் அவரும் ஒருவர்.

ராலின்சன் இளைஞரைத் தம் பணியறையில் சேர்த்துக்கொண்டார். அசீரிய எழுத்துகளை அச்சேற்றும் பெருநூற்பணியில் ஸ்மித் துணைபுரிந்தார். உடைந்த சில்லுகளை இணைப்பதில் அவருக்கு நிகர் எவரும் இல்லை. இந்தத் துண்டின் விளிம்பு அந்தத் துண்டின் விளிம்போடு பொருந்தும், இந்தக் கையெழுத்தும் அந்தக் கையெழுத்தும் ஒன்று என்பதைத் தகடு செதுக்கிய அவர் கண்கள் நொடியில் கண்டுவிடும்.

1866-இல் அவர் முதற்கட்டுரை வெளிவந்தது. இஸ்ரேல் மன்னன் யெகூ அசீரிய மன்னன் மூன்றாம் ஷல்மனேசருக்குத் திறை கொடுத்தான் என்பது முன்பே தெரிந்த செய்தி. அது ஷல்மனேசரின் 18-ஆம் ஆட்சியாண்டில் நிகழ்ந்தது என்பதை ஸ்மித் ஏட்டுச் சான்றுடன் காட்டினார். 1867-இல் அருங்காட்சியகத்தில் உதவியாளர் பணி கிடைத்தது. செதுக்குளியைக் கீழே வைத்துவிட்டு, தாம் விரும்பிய தொழிலுக்கே வந்து சேர்ந்தார்.

முளை இல்லாத நூல்

18-ஆம் ஆட்சியாண்டு என்று தெரிந்துவிட்டது. ஆனால் அது கி.மு. எத்தனை? இங்கேதான் பெரிய சிக்கல் எழுந்தது.

அசீரியர் ஆண்டுகளை எண்ணால் குறிக்கவில்லை; ஆண்டுக்கு ஓர் உயர் அதிகாரியின் பெயரை இட்டனர். அவ்வாறு ஆண்டுக்குப் பெயர் கொடுப்பவரை லிம்மு என்று வழங்கினர். நம்மவர் பிரபவ, விபவ என்று ஆண்டுக்குப் பெயரிடுவதை இதனோடு ஒப்பிடலாம். ஆனால் நம் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருவன. அசீரியர் பெயர்களுக்கு அத்தகைய சுழற்சி இல்லை. ஆகவே எந்தப் பெயருக்குப் பின் எந்தப் பெயர் என்று பட்டியல் வைத்திருந்தால்தான் அவர்களுக்கே கணக்குத் தெரியும். கடன் பத்திரம் எழுதினாலும் நில விற்பனை செய்தாலும் அந்தப் பட்டியல் தேவைப்பட்டது. அதனால் எழுத்தர்கள் அதைக் கண்ணும் கருத்துமாகப் படியெடுத்துக் காத்தனர்.

நினிவே ஏடுகளுக்கிடையே அப்பட்டியலின் படிகளை ராலின்சன் இனங்கண்டு 1862-இல் அறிவித்தார். ஏறத்தாழ 260 ஆண்டுகளின் பெயர்கள் வரிசையாக அதில் இருந்தன. எந்த மன்னன் எந்தப் பெயருக்கு நேரே ஆட்சிக்கு வந்தான் என்பதும் தெரிந்தது. இரு மன்னர்களுக்கு இடையே எத்தனை ஆண்டு என்று எண்ணிவிடலாம். ஆனால் பட்டியல் முழுவதும் காலவெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தது. கொத்தனார் நூல் பிடிக்கும்போது ஒரு முனையை முளையில் கட்டாவிட்டால் நூலால் என்ன பயன்? அளவு உண்டு, ஆனால் அந்த அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பது இல்லை. அந்த முளைதான் வேண்டியிருந்தது.

ஒரு வரியில் ஒரு கிரகணம்

பட்டியலின் சில படிகளில் பெயரோடு அவ்வாண்டில் நிகழ்ந்த முக்கியச் செய்தி ஒன்றும் சுருக்கமாகக் குறிக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் எந்த நாட்டின்மீது படை சென்றது என்ற குறிப்பே இருக்கும். அசுர்-தான் என்ற மன்னனின் ஆட்சிப் பகுதியில், குசானா என்ற ஊரின் ஆளுநரான புர்-சகாலே என்பவர் பெயர் கொண்ட ஆண்டுக்கு நேரே வேறு வகையான குறிப்பு ஒன்று காணப்பட்டது. அசுர் நகரத்தில் கலகம் நிகழ்ந்தது என்றும், சிமானு மாதத்தில் சூரிய கிரகணம் உண்டாயிற்று என்றும் அது கூறியது.

1867-இல் இச்செய்தி அறிஞர் உலகுக்கு எட்டியது. ஏட்டில் வெளியிட்டவர் ராலின்சன். ஸ்மித்தின் முதல் வெற்றிகளுள் ஒன்றாகவும் இது அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் இடம்பெறுகிறது. ஆசானும் மாணவரும் ஒரே அறையில், ஒரே பெட்டியின் சில்லுகளோடு உழைத்த காலம் அது. அந்தக் கூட்டுழைப்பின் கனியாகவே இதைக் கொள்வது பொருந்தும்.

இக்குறிப்பின் அருமை யாது? மன்னர்கள் வருவார்கள், போவார்கள்; எழுத்தர்கள் பொய்யும் எழுதுவார்கள். ஆனால் ஞாயிறும் திங்களும் கணக்குத் தவறுவதில்லை. கதிரவனுக்கும் பூமிக்கும் இடையே நிலவு எந்த அமாவாசையில் நேராக வந்து நிற்கும், அதன் நிழல் எந்த நாட்டின்மீது விழும் என்பதை வருங்காலத்துக்குக் கணிப்பது போலவே கடந்த காலத்துக்கும் கணிக்கலாம். சிமானு மாதம் நம் வைகாசி, ஆனியை ஒட்டி வருவது. எனவே அப்பருவத்தில், அசீரியாவில் தெரியக்கூடிய பெரிய சூரிய கிரகணம் எது என்று தேடினால் போதும். கி.மு. 763 ஜூன் 15-ஆம் நாள் நிகழ்ந்த கிரகணம் அதற்குப் பொருந்தி வந்தது. முழு மறைப்பின் பாதை அசீரியாவின் வடபகுதியை ஒட்டிச் சென்றது. நினிவேயில் நின்றவர்கள் கதிரவனின் பெரும்பகுதி மறைந்ததைக் கண்டிருப்பர்.

முளை கிடைத்துவிட்டது! புர்-சகாலே ஆண்டு கி.மு. 763 என்றால், அதற்கு 18 ஆண்டுக்குப்பின் அரியணை ஏறிய மூன்றாம் திக்லத்-பிலேசரின் காலம் கி.மு. 745. அதற்கு 78 ஆண்டு முன்னதாக வருவது ஷல்மனேசரின் 18-ஆம் ஆட்சியாண்டு. ஆகவே ஸ்மித் தம் முதற்கட்டுரையில் எழுதிய யெகூவின் திறை கி.மு. 841-இல் கொடுக்கப்பட்டது. நாம் தேர்வுக்கு உருப்போடும் எண்கள் எல்லாம் இப்படி விரல்விட்டு எண்ணிப் பெற்றவையே.

எதிர்ப்பும் விடையும்

எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டார்களா? இல்லை. யூலியஸ் ஒப்பேர் என்ற பேரறிஞர் மறுத்தார். அவரும் ராலின்சனைப் போலவே ஆப்பு வடிவ எழுத்தை வாசித்த முன்னோடி. விவிலியத்தின் அரசர் காலக்கணக்கோடு புதிய கணக்கு இசையவில்லை என்பதால், பெயர்ப் பட்டியலின் நடுவே 46 ஆண்டுகள் விடுபட்டுள்ளன என்றார். ஏட்டில் கண்ட கிரகணம் கி.மு. 763-இல் நிகழ்ந்தது அன்று, கி.மு. 809 ஜூன் மாதத்தில் நிகழ்ந்தது என்பது அவர் கொள்கை. அவ்வாண்டிலும் அதே பருவத்தில் ஒரு கிரகணம் இருந்ததே இந்த வழக்குக்குக் காரணம்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. கிரகணம் மட்டுமே நாள் குறித்துத் தருவதில்லை. வானத்தில் கிரகணங்கள் பல உண்டு. விருப்பம்போல் ஒன்றைத் தேர்ந்து எந்த மன்னனோடும் முடிச்சுப் போட்டுவிடலாம். நூல் அறுபடாமல் இருந்தால்தான் முளையால் பயன். ஆகவே வழக்கின் முடிவு வானத்தில் இல்லை. உடைந்த களிமண் சில்லுகளில்தான் இருந்தது.

ஸ்மித் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். கிடைத்த படிகளை எல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஒரு படியில் சிதைந்த பெயரை மற்றொரு படி நிரப்பியது. படிகள் ஒன்றையொன்று தழுவி நின்றன. இடையில் 46 ஆண்டு இடைவெளிக்கு இடமே இல்லை. தம் முடிவுகளைத் தொகுத்து அசீரிய ஆண்டுப் பெயர்ப் பட்டியல் பற்றிய தனி நூலாக 1875-இல் வெளியிட்டார். மாற்றுக் கருத்தினரின் கொள்கைகளையும் மறைக்காமல் அந்நூலில் எடுத்துரைத்தார்.

வேறொரு திசையிலிருந்தும் சான்று கிடைத்தது. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியலறிஞர் தாலமியின் பெயரால் வழங்கும் மன்னர் பட்டியல் ஒன்று, கி.மு. 747 முதல் பாபிலோனை ஆண்டவர்களை ஆண்டுக் கணக்கோடு தருகிறது. அதன்படி அசீரிய மன்னன் சார்கோன் பாபிலோன் அரசனாக முதலாண்டு எண்ணியது கி.மு. 709. கிரகணத்திலிருந்து பெயர்களை எண்ணிக்கொண்டு வந்தாலும் சார்கோனின் பாபிலோன் ஆட்சி அதே ஆண்டில் வந்து நிற்கிறது. களிமண்ணும் கிரேக்க நூலும் ஒருவரையொருவர் அறியாத இரு சாட்சிகள். இருவரும் ஒரே நாளைச் சொன்னால் நீதிபதி வேறென்ன தீர்ப்புச் சொல்வார்? இன்று அறிஞர் உலகம் கி.மு. 763 என்பதையே ஏற்கிறது.

புகழ் வந்த வழி

இத்தனை செய்தும், உலகம் ஸ்மித்தை நினைவில் வைத்திருப்பது வேறொரு கண்டுபிடிப்பிற்காக. கில்கமெஷ் காவியத்தின் 11-ஆம் பலகையில் ஒரு பெருவெள்ளக் கதை இருப்பதை அவர் கண்டார். நோவாவின் கதையைப் பெரிதும் ஒத்திருந்த அதனை 1872 டிசம்பர் 3-ஆம் நாள் இலண்டனில் ஓர் அறிஞர் அவையில் படித்தார். அன்றைய பிரதமர் கிளாட்ஸ்டன் அங்கு வந்திருந்தார். மறுநாள் முதல் ஸ்மித்தின் பெயர் நாடெங்கும் பரவியது.

டெய்லி டெலிகிராப் நாளேடு, விடுபட்ட பகுதியைத் தேட 1000 கினி தர முன்வந்தது. இதில் முன்நின்றவர் அவ்வேட்டின் எட்வின் ஆர்னால்டு. முன்னர்ப் பூனாவில் கல்லூரி முதல்வராக இருந்தவர் அவர்; கவிமணியின் ஆசிய ஜோதிக்கு மூலமான ஆங்கில நூலைப் பின்னாளில் இயற்றியவரும் அவரே. 1873-இல் ஸ்மித் நினிவே சென்றார். வெறும் எழுத்துகளாகவே அறிந்திருந்த நாட்டை முதன்முறையாகக் கண்ணால் கண்டார். வெள்ளக் கதையில் விடுபட்ட இடத்திற்குரியது என அவர் கருதிய துண்டும் சில நாட்களிலேயே கிடைத்தது. தேடியது கிடைத்துவிட்டது என்று நாளேடு பணியை நிறுத்திக்கொண்டது. பிறகு அருங்காட்சியகமே அவரை மீண்டும் அனுப்பியது. 1874-இல் மேலும் பல ஏடுகளைத் திரட்டி வந்தார்.

அலெப்போவில் அணைந்த விளக்கு

1876-இல் மூன்றாம் முறையாகப் புறப்பட்டார். அந்த ஆண்டு அவருக்குக் கைகூடவில்லை. அப்பகுதியில் கொள்ளைநோய் பரவியிருந்தது. கோடை வெயில் கடுமையாகிவிட்டது. அகழ்வு நடத்த இயலாமல் திரும்பும் வழியில் சீதபேதி அவரைப் பற்றியது. சிரியா நாட்டின் அலெப்போ நகரில் 1876 ஆகஸ்டு 19-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 36. மனைவியும் குழந்தைகளும் இலண்டனில் இருந்தனர். அவர்களுக்கு ஆண்டுக்கு 150 பவுன் உதவித்தொகை அரசால் வழங்கப்பட்டது.

அருங்காட்சியகத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஒன்பதே ஆண்டுகள். அதற்குள் அவர் எழுதியவை அசுர்பானிபால் வரலாறு, அசீரியக் கண்டுபிடிப்புகள், ஆண்டுப் பெயர்ப் பட்டியல், கல்தேயர் படைப்புக் கதை முதலிய நூல்கள். நீண்ட ஆயுள் பெற்ற பலர் செய்யாத வேலை இது.

அவர் விட்டுச்சென்ற முறை

கிரகணத்தால் நாள் குறிக்கும் முறை அசீரியாவோடு நின்றுவிடவில்லை. அந்த முளையைப் பிடித்துக்கொண்டே அண்டை நாடுகளான இஸ்ரேல், யூதேயா, பாபிலோன் மன்னர்களின் காலங்கள் ஒழுங்குபட்டன. வானியலுக்கும் அதனால் நன்மை விளைந்தது. பழைய கிரகணக் குறிப்புகளை இன்றைய கணிப்போடு ஒப்பிட்டே பூமியின் சுழற்சி மிக மெல்லத் தளர்ந்து வருவதை அறிஞர்கள் நீண்ட காலத்திற்கு அளந்து காட்டுகின்றனர். மன்னருக்கு நாள் குறித்துக் கொடுத்த வானத்துக்கு, மன்னரின் எழுத்தர் திருப்பிச் செலுத்திய கடன் என்று இதைச் சொல்லலாம்.

நம் கோயிற் சுவர்களை எண்ணிப் பாருங்கள். சோழர், பாண்டியர் கல்வெட்டுகள் பலவற்றிலும் மன்னனின் ஆட்சியாண்டு மட்டுமே உண்டு; சக ஆண்டு இல்லை. அங்கும் அளவு இருக்கிறது, முளை இல்லை. அவற்றில் காணும் கிழமை, திதி, நட்சத்திரம், சிற்சில இடங்களில் கிரகணம் ஆகியவற்றைக் கணித்தே கீல்ஹார்ன் போன்றோர் மன்னர் காலங்களை வரையறுத்தனர். அக்கணிப்பை எவரும் செய்துபார்க்கும்படி கி.பி. 700 முதல் 1799 வரை நாள்தோறும் பஞ்சாங்கம் வகுத்து 1922-இல் வெளியிட்டார், தமிழறிஞர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. நினிவேயின் களிமண்ணும் நம்மூர்க் கருங்கல்லும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. வானம் இரண்டுக்கும் ஒரே முறையில் விடை சொல்கிறது.

முடிவுரை

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். மாலையில் கடையிலோ வயலிலோ வேலை பார்த்துவிட்டுப் படிப்பவர்களும் உண்டு. ஆசிரியர் இருக்கிறார்; நூலகம் இருக்கிறது; ஆனால் நேரம் இல்லை என்பது நம் வழக்கமான முறையீடு. ஜார்ஜ் ஸ்மித்துக்கு ஆசிரியர் இல்லை, பட்டம் இல்லை. அவருக்கு இருந்தது நண்பகல் உணவு இடைவேளை மட்டுமே. அந்தச் சிறு நேரத்தைச் சேர்த்துச் சேர்த்து அவர் ஒரு பேரரசின் காலத்தையே ஒழுங்கு செய்தார்.

இனி வரலாற்று வகுப்பில் ஓர் ஆண்டைக் குறித்துக்கொள்ளும்போது, அந்த எண்ணுக்குப் பின்னே ஒரு கிரகணம் இருக்கலாம் என்று நினைப்போம். அதன் பின்னே உடைந்த சில்லுகளை ஒட்டவைத்த ஒரு தொழிலாளியின் கைகளும் இருக்கின்றன. ஆண்டுகளை உருப்போடுவதோடு நின்றுவிடாமல், அவை எப்படிக் கிடைத்தன என்று கேட்கக் கற்றுக்கொள்வோம். அதுவே அந்த உழைப்பாளிக்கு மாணவராகிய நாம் செலுத்தும் நன்றி.